ஷூவுக்கு ஒரு மலை

எல்லோரும் மலைக்குப் போவதற்காக ஷூ வாங்குவார்கள். நான் ஒரு ஷூவுக்காக மலைக்குப் போனேன்.

அந்த ஷூ புனேயில், போபோடிப் பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டின் மாளாவில் இருந்தது. மாளா என்றால் பரண்தான். புனேயிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்குப் பரண் என்று வாயில் வராது. நைனா கன்டோன்மென்டில் ஒரு ஆபீசர் மெஸ்ஸில் சமையல்காரர். (வேலூர்ப் பக்கத்து ஆட்கள் நாங்கள், அப்பாவை நைனா என்போம்.) நான் எட்டாவது படிக்கும்போது, மாற்றலாகிப் போன ஆபீசர் ஒருவர் பெட்டிகூடப் பிரிக்காத மலையேறும் ஷூ ஒரு ஜோடியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். வெளிநாட்டுச் சரக்கு. கணுக்காலுக்கு மேல் வரும் தோல், அடியில் தடித்த கறுப்பு சோல். நைனாவுக்குச் சின்னது, எனக்குப் பெரியது. "வளந்து போட்டுக்கோ" என்றார்.

வளர்ந்தேன். கால் பொருந்தியது. அப்போதும் போட விடவில்லை. "இது மலைக்குப் போற ஷூ. போபோடி சேத்துல மிதிக்கறதுக்கு இல்ல."

வருடா வருடம் ஆயுத பூசைக்கு அந்தப் பெட்டி கீழே இறங்கும். நைனா ஷூவைத் துடைத்து, பாலிஷ் போட்டு, பெட்டிமேல் சந்தனம் குங்குமம் வைப்பார். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான் என்பதால் என் புத்தகங்களுக்கும் அதே தட்டில் பொட்டு. பூசை முடிந்தால் புத்தகம் கீழே, ஷூ மேலே. மாளாவில் அதற்குத் துணைக்கு ஆட்கள் உண்டு: என் கல்யாணத்துக்கு என்று அம்மா எடுத்துவைத்த குக்கர், விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்ற கண்ணாடி டம்ளர் செட், என் முதல் சம்பளத்தில் நைனாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த தோல் செருப்பு.

இப்போது ஊரின் மறுகோடியில், ஹடப்சரில் ஒரு கம்பெனியில் வேலை. பக்கத்து சீட்டு அஸ்வினி சனி ஞாயிறுகளில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மலைக்கோட்டை ஏறுகிறவள். அவளோடு சுற்றுப்பட்டுக் கோட்டையெல்லாம் ஏறியிருக்கிறேன், சாதாரண கான்வாஸ் ஷூவில். நேபாளத்துக்குப் போகலாமா என்று அவள் கேட்டபோது வீட்டில் சொன்னேன். நைனா என்னைப் பார்க்கவில்லை, மாளாவைப் பார்த்தார். "நிஜமான மலையா?" என்றார். "பனி இருக்குமா?" இருக்கும் என்றேன். அவ்வளவுதான், நான் போவது முடிவாகிவிட்டது.

புது ஷூவைப் போட்டுப் பழக்க வேண்டும் என்று அஸ்வினி ஆயிரம் தடவை சொன்னாள். பழக்கினேன், வீட்டுக்குள். ஹாலிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து ஹால். சாமி படம் இருக்கிற இடத்தில் ஷூவா என்று அம்மா கத்தினாள். தெரு மிதிக்காத ஷூவுக்குத் தீட்டு இல்லை என்று நைனா தீர்ப்புச் சொன்னார். ஆயுத பூசை முடிந்த கையோடு கிளம்பினோம்.

லாங்டாங் பள்ளத்தாக்கில் நடந்த நாட்களிலும் கான்வாஸ் ஷூதான். பெட்டி ஷூ என் முதுகுப்பையில் துணியில் சுற்றிக்கொண்டு சவாரி செய்தது. "நீ அதுக்குக் கூலியா, அது உனக்கு ஷூவா?" என்று கேட்டார் ஜோஷி காகா. காகா என்றால் மராத்தியில் சித்தப்பா. அஸ்வினியோடு வழக்கமாகக் கோட்டை ஏறுகிறவர், வயதில் பெரியவர் என்பதால் எங்கள் எல்லோருக்கும் காகா. வங்கியில் ஓய்வு பெற்றவர், வாயில் எப்போதும் ஏதாவது மெல்லுகிறவர். அவர் பையில் பாதிக்குமேல் சாப்பாடு: சிவ்டா என்கிற அவல் மிக்சர், சிக்கி என்கிற கடலை மிட்டாய், எலுமிச்சை ஊறுகாய். அந்த ஊறுகாய் இல்லையென்றால் தினமும் இரண்டு வேளை பருப்புச் சோற்றை நான் எப்படி இறக்கியிருப்பேன் என்று தெரியவில்லை. பருப்பும் சோறும் வேண்டிய மட்டும் மறுபடி மறுபடி போடுகிறார்கள். ஆனால் ரசம் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

க்யான்ஜின் கோம்பா பள்ளத்தாக்கின் கடைசி ஊர். கல் வீடுகள், லாட்ஜுகள், யாக் பாலில் பாலாடைக்கட்டி செய்யும் ஒரு இடம். ஊருக்கு மேலே செர்கோ ரி. ஐயாயிரம் மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. சுற்றி நிற்கும் வெள்ளை மலைகளுக்கு முன்னால் அது ஒரு முட்டாக்குப் போட்ட கிழவி மாதிரி உட்கார்ந்திருந்தது. மறுநாள் ஏற வேண்டியது அதுதான்.

சாயங்காலம் லாட்ஜில் வைஃபை பிடித்து வீட்டுக்குப் பேசினேன்.

"ஷூ எப்பிடி கீது?" என்றார் நைனா. நான் எப்படி இருக்கிறேன் என்று அம்மா பின்னாலிருந்து கேட்டாள்.

"நாளைக்குத்தான் போடுவேன் நைனா."

"போட்டோ எடு. மலை போட்டோ எனக்கு இன்னாத்துக்கு, அது டிவியில காட்றான். ஷூ தெரியணும்டா. உச்சியில ஷூ நிக்கறது தெரியணும். மெஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிக்கீறேன்."

"சரி நைனா."

"முகம் தெரிஞ்சாலும் பரவால்ல."

மறுநாள் விடிவதற்கு முன்னால் எழுந்தோம். தண்ணீர்க் குழாய் உறைந்திருந்தது. காலைச் சாப்பாட்டுக்குச் சத்துமாவுக் கஞ்சி. கஞ்சி எனக்குப் புதிதில்லை. அதில் உப்புப் போட்ட வெண்ணெய் டீயை ஊற்றியதுதான் புதிது. அரைக் கிண்ணத்தோடு நிறுத்திக்கொண்டேன். ஷூவைப் போட்டுக்கொண்டு நாடாவை இழுத்துக் கட்டியபோது அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்படி மின்னியது.

"மலைக்கா, கல்யாணத்துக்கா?" என்றார் காகா.

"புது ஷூ காகா."

"எப்போ வாங்கின புதுசு?"

அதை ஒரு கிண்டலாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வழிகாட்டி ஃபுர்பா அந்தப் பள்ளத்தாக்குக்காரர். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்திருப்பார். ஹிந்தி நன்றாகப் பேசுவார், ஆனால் நடக்கும்போது பேசமாட்டார். "பிஸ்தாரி" என்று மட்டும் சொல்வார், மெதுவாக என்று அர்த்தம். முதல் ஏற்றத்திலேயே எனக்கு அந்தச் சொல் மனப்பாடமாகிவிட்டது. புனே பக்கத்தில் சிங்ஹகட் கோட்டை ஏறினால் திருப்பத்துக்குத் திருப்பம் மோரும் தயிரும் விற்பார்கள், மேலே போனால் சோள ரொட்டியான பாக்ரியும், தொட்டுக்கொள்ளக் கடலைமாவில் கிண்டிய பிட்லாவும் சுடச்சுடக் கிடைக்கும். பாதி வழியிலேயே வயிறு நம்மை மேலே இழுக்கும். இங்கே விற்பவர் யாரும் இல்லை. ஒரு யாக் நின்று எங்களைப் பார்த்தது, அதுவும் ஒன்றும் விற்கவில்லை. பத்தடி நடந்தால் நெஞ்சு தொண்டைக்கு வந்துவிடுகிறது.

வெயில் எதிரே இருந்த லாங்டாங் லிருங் உச்சியில் விழுந்து இறங்கிக்கொண்டே வந்தது. அழகாக இருந்தது. நான் அதைவிட என் காலைத்தான் அதிகம் பார்த்தேன். முந்தின வாரம் பெய்த பனி அங்கங்கே கிடந்தது. வெள்ளையில் கறுப்பு ஷூ எடுப்பாகத் தெரிந்தது. நைனா சொன்ன போட்டோ எப்படி வரும் என்று மனதுக்குள்ளேயே எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

எங்களுக்கு முன்னால் கொல்கத்தாவிலிருந்து வந்த ஒரு தம்பதி. கணவர் குரங்குக் குல்லா போட்டிருந்தார். ஒரு பாறையில் உட்கார்ந்து மனைவி அரை ஹிந்தியில் ஃபுர்பாவைக் கேட்டாள், "மேலே டீ கிடைக்குமா?" கிடைக்காது என்றார் ஃபுர்பா. அவள் கணவர் பக்கம் திரும்பி, "அப்புறம் எதுக்கு மேலே?" என்றாள். கொஞ்ச நேரத்தில் இருவரும் இறங்கிப் போனதைப் பார்த்தேன்.

பாதிக்கு மேல் வந்ததும் இடது குதிகால் மெத்தென்று இருந்தது. ரவா கேக்கை மிதிப்பது போல. உயரத்தில் கால் மரத்துப்போகும் என்று படித்திருந்ததால் அதுதான் என்று நினைத்தேன். பின்னால் வந்த அஸ்வினி கூப்பிட்டாள்.

"முரு, உன் பின்னாலேயே ஏதோ சிந்திக்கிட்டு வருது."

திரும்பினேன். நான் நடந்து வந்த பனியில் வழி நெடுகக் கறுப்பு கறுப்பாகத் தூள். டீத்தூள் பொட்டலம் ஓட்டையான மாதிரி. காலைத் தூக்கிப் பார்த்தேன். சோல் முன்பக்கம் வாயைத் திறந்துகொண்டு தொங்கியது.

"பசிக்குது போல. சிவ்டா போடட்டுமா?" என்றார் காகா. சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

சோலுக்கும் தோலுக்கும் நடுவில் இருந்த மெத்தைப் பகுதியை விரலால் அழுத்தினேன். உதிர்ந்தது. பழைய கேக்கைப் போல, அழுத்த அழுத்தப் பொடியாகிக்கொண்டே இருந்தது. மேலே தோல் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டுதான் இருந்தது.

"வேற ஷூ?" என்றாள் அஸ்வினி.

"லாட்ஜ்ல."

அவள் பெருமூச்சு விட்டாள். அதுவே அந்த உயரத்தில் பெரிய வேலை. "இறங்கிடலாம். நான் உன்கூட வரேன். காகா, நீங்க ஃபுர்பாவோட மேல போங்க."

நைனா சொன்னதை அவளிடம் சொன்னேன். மெஸ்ஸில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருப்பதையும் சொன்னேன். "ஷூ மேல போகணும் அஸ்வினி. நான் போறது இரண்டாவது."

"ஷூவே பாதி வழியில இறங்கிடுச்சே" என்றாள். ஆனால் அவள் ஃபுர்பாவைப் பார்த்தாள். ஃபுர்பா சோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேலே போறது ஒண்ணும் இல்ல. இறங்கும்போதுதான் கஷ்டம். ஆனா எங்கிருந்து திரும்பினாலும் இறங்கித்தானே ஆகணும்" என்றார்.

அந்தக் கணக்கில் அஸ்வினி ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். நான் ஒருமுறை வழுக்கினாலும் அந்த இடத்திலிருந்தே திரும்பிவிட வேண்டும். அவளுடைய மருந்துப் பையிலிருந்து கிரேப் பேண்டேஜும், காகாவின் சாப்பாட்டுப் பையிலிருந்து நைலான் கயிறும் வந்தன. ஃபுர்பா சோலைத் தோலோடு சேர்த்துச் சுற்றிக் கட்டினார். ஒரு கால் மின்னியது, ஒரு கால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது.

உச்சிக்குக் கீழே பெரிய பெரிய பாறைகள் குவிந்த இடம் ஒன்று வருகிறது. ஒரு பாறையிலிருந்து இன்னொன்றுக்குக் கால் மாற்றும்போது வலது சோல், அதுவரை ஒழுங்காக இருந்தது, மொத்தமாகக் கழன்றது. கழன்று விழுந்தது மட்டுமில்லை. பனிச் சரிவில் குப்புற விழுந்து, கொஞ்சம் யோசித்து, சறுக்கிக்கொண்டு கீழே போனது. நாங்கள் நாலு பேரும் அது போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு திருப்பத்தில் காணாமல் போய்விட்டது.

"வழுக்கினது அது. முரு வழுக்கல" என்றார் காகா அஸ்வினியிடம்.

சொல்லிக்கொண்டே பாறைமேல் உட்கார்ந்து பையைத் துழாவி ஒரு ஜோடிக் கம்பளிச் சாக்ஸை எடுத்தார். காகூ, அதாவது அவர் மனைவி, பின்னியது. மெரூன் நிறம், முழங்கால் வரை வரும். காலில் போடச் சொல்கிறார் என்று நினைத்தேன். "ஷூவுக்கு மேல போடு. கம்பளி ஐஸ்ல பிடிக்கும்" என்றார். ஃபுர்பாவும் தலையாட்டினார். இழுத்து இழுத்துப் போட்டோம். பிடித்தது. ஒவ்வொரு கல்லும் உள்ளங்காலில் தெரிந்தது, ஆனால் வழுக்கவில்லை.

அப்படியே உச்சிக்குப் போனேன்.

பிரார்த்தனைக் கொடிகள் காற்றில் படபடவென்று அடித்தன. நாலு பக்கமும் வெள்ளை மலைகள். புனேக் கூட்டங்கள் கோட்டை உச்சியில் போடும் கோஷத்தைப் போட காகா வாயைத் திறந்தார். பாதியில் மூச்சு முட்டிவிட்டது, மீதியை அஸ்வினி முடித்துவைத்தாள். ஆளுக்கொரு சிக்கித் துண்டு கிடைத்தது. பல்லே உடையும்போல உறைந்திருந்தது. ஃபுர்பா தன் பங்கை வாயில் ஒதுக்கிக்கொண்டு, ஒவ்வொரு மலைக்கும் பெயர் சொன்னார். ஒன்றும் எனக்கு மனதில் நிற்கவில்லை. குனிந்து என் காலைப் பார்த்தேன். மெரூன் சாக்ஸ். நுனியில் பனி ஒட்டியிருந்தது.

அஸ்வினி போனை எடுத்தாள். "கால் வரைக்கும் எடுக்கட்டுமா?"

சாக்ஸைக் கழற்றிவிட்டு நிற்கலாமா என்று யோசித்தேன். கழற்றினால் ஒரு காலில் பேண்டேஜ், ஒரு காலில் அடியே இல்லை. "வேண்டாம். இடுப்புக்கு மேல எடு" என்றேன்.

இறங்கியதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஃபுர்பா சொன்ன மாதிரிதான் இருந்தது. பாதித் தூரம் அவர் என் முதுகுப்பையின் பட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே வந்தார், மீதிப் பாதி நான் உட்கார்ந்தபடியே இறங்கினேன். கால் கட்டைவிரல் இரண்டும் நீலமாகிவிட்டன. பனி முடிந்து புல் தொடங்கும் இடத்தில் ஒரு யாக் எதையோ முகர்ந்துகொண்டிருந்தது. என் வலது சோல். யாக்கை ஓட்டிவிட்டு அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

"லாட்ஜ்ல குப்பைத்தொட்டி இருக்கு" என்றார் ஃபுர்பா.

"வீட்டுக்குக் கொண்டு போகணும்."

அவர் என் பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டார்.

அன்று சாயங்காலம் நைனாவுக்கு இடுப்புக்கு மேல் எடுத்த போட்டோவை அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் குரல் செய்தி வந்தது. "மூஞ்சி நல்லா கீது. பின்னால மலையும் நல்லா கீது. கால் எங்கடா?"

பதில் போடவில்லை. சார்ஜ் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்து வந்த நாட்களில் கான்வாஸ் ஷூவில் கீழே நடந்தோம். காட்மாண்டு பஸ் வழியில் பஞ்சராகி நின்றது. பயணிகள் எல்லோரும் இறங்கி வெயில் காய்ந்தார்கள், ஒரு அம்மாள் பயணிகளுக்கு உரித்த ஆரஞ்சு கொடுத்துக்கொண்டு போனாள். நான் கழற்றிப்போட்ட டயரையே பார்த்துக்கொண்டு நின்றேன். மொட்டையாக, வழவழவென்று தேய்ந்திருந்தது. எத்தனை மலை ஏறி இறங்கியதோ. அஸ்வினி பக்கத்தில் வந்து, சிக்னல் கிடைத்தபோது தேடிப் படித்ததைச் சொன்னாள். இந்த மாதிரி சோல் அப்படித்தானாம். காற்றில் இருக்கிற ஈரம் உள்ளே போய்ப் போய், வெளியே தெரியாமலே மக்கிவிடுமாம். அடிக்கடி போட்டு நடந்தால்தான் கொஞ்சம் தாக்குப்பிடிக்குமாம். சும்மா வைத்தால் சீக்கிரம் போய்விடும்.

"உங்கப்பாகிட்ட பனியில போச்சுன்னு சொல்லிடு. அதுல பொய் ஒண்ணும் இல்ல" என்றாள்.

வழியெல்லாம் அதைத்தான் யோசித்தேன். பனியில் போச்சு என்றால் நைனாவுக்குப் பெருமைகூட இருக்கும். மெஸ்ஸில் சொல்லிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்தபோது நைனா வேலைக்குப் போகாமல் காத்திருந்தார். அம்மா டீ வைத்தாள். நான் ஹாலில் செய்தித்தாளை விரித்து, ஷூவையும் சோலையும் அதன்மேல் வைத்தேன். நைனா சோலைக் கையில் எடுத்து லேசாக வளைத்தார். பிஸ்கட் மாதிரி இரண்டாக உடைந்தது. விரலில் ஒட்டிய கறுப்புத் தூளை உரசிப் பார்த்தார்.

"பனியில இப்பிடி ஆச்சா?"

ஆமாம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. தலையைத் தூக்கினால் எதிரே மாளா. குக்கர் டப்பா, டம்ளர் டப்பா, செருப்பு டப்பா வரிசையாக இருந்தன.

"இல்ல நைனா. போடாம வெச்சிருந்ததால."

அஸ்வினி சொன்னதை அப்படியே சொன்னேன். நைனா உடைந்த சோலின் இரண்டு துண்டுகளையும் சேர்த்துவைத்துப் பார்த்தார். அம்மா டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றாள்.

"வருசா வருசம் பொட்டு வெச்சேனேடா" என்றார் கடைசியில். அது கோபமா வருத்தமா என்று தெரியவில்லை. கணக்கில் எங்கே தப்பு வந்தது என்று பார்க்கிறவர் மாதிரி இருந்தது.

அஸ்வினி என்னிடம் கேட்காமல் இன்னொரு போட்டோவும் எடுத்திருந்தாள், முழு ஆளாக. அதைக் காட்டினேன். கொடிகளுக்குக் கீழே நான், முழங்கால் வரை மெரூன் சாக்ஸ். நைனா போனைக் கையில் வாங்கி, கால் இருந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இதுக்குள்ள கீதா?"

"கீது நைனா."

"ஏறிச்சா?"

"ஏறிச்சு."

தலையை ஆட்டிக்கொண்டார். டீயைக் குடித்து முடித்தார். பிறகு, "டேய், ஸ்டூல் போட்டு அந்தக் குக்கரை எறக்கு" என்றார்.

"அது அவன் கல்யாணத்துக்கு" என்றாள் அம்மா.

"கல்யாணம் வரும்போது வரட்டும். எறக்குடா."

இறக்கினேன். பாத்திரம் புதிதாகப் பளபளத்தது. அம்மா மூடியிலிருந்து ரப்பரை எடுத்து இழுத்துப் பார்த்தாள். பட்டென்று அறுந்தது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் சிரித்தது அம்மாதான்.

"ரப்பர்தானே, கடக்கி பஜார்ல கிடைக்கும். நான் போய் வாங்கியாறேன்" என்றார் நைனா. எழுந்தவர் வாசலில் கிடந்த ரப்பர் செருப்பைப் போடவில்லை. என்னைப் பார்த்து, "அந்தச் செருப்பு டப்பாவையும் குடு" என்றார்.

கொடுத்தேன். தோல் செருப்பை வெளியே எடுத்து, திருப்பி, அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். உதிரவில்லை. காலில் மாட்டிக்கொண்டார்.

"குழாயடியில ஒரே சேறு நைனா" என்றேன்.

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அதன் வழியாகவே நடந்து போனார்.